முதல் மாதம் மீனே வேண்டாம்... குழந்தையோடு வீட்டில் மீன் தொட்டி வைப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறோம். ஒரு கண்ணாடிக் கிண்ணம், இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு டப்பா தீவனம், கொஞ்சம் கலர் கல். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. குழந்தை இரண்டு மீனுக்கும் பெயர் வைத்து, ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லியாச்சு. புதன்கிழமை ஒரு மீன் மிதக்கிறது, வெள்ளிக்கிழமை இன்னொன்று. "மீன் ராசியில்ல", "நம்ம தண்ணி சரியில்ல" என்று ஏதோ ஒரு காரணம் சொல்லப்படும். கிண்ணம் பரணுக்குப் போய்விடும்.

பல வீடுகளில் முதல் மீன் தொட்டியின் ஆயுள் இவ்வளவுதான். பெரும்பாலும் இதற்கு ராசியும் காரணமில்லை, குழந்தையின் கவனக்குறைவும் காரணமில்லை. அந்தக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் நடந்தது சுத்தமான வேதியியல். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பெரும்பாலான சாவுகளைத் தவிர்க்கலாம்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கே, அப்புறம் ஏன் சாகுது?

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். இதற்கு நிறம் கிடையாது. தண்ணீர் பளிச்சென்று தெரியும்போதே மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கலாம். ஆறு, குளம் என்றால் இது கரைந்து போய்விடும். நாலு பக்கமும் அடைத்த கண்ணாடிக்குள் எங்கே போகும்?

இங்கேதான் பாக்டீரியாக்கள் வருகின்றன. ஒரு வகை, அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். அது மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய ஆபத்தில்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் கட்டுக்குள் இருக்கும். இந்தச் சங்கிலிக்கு நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். மீன் வளர்ப்பவர்கள் 'டேங்க் சைக்கிள் ஆச்சா?' என்று கேட்பது இதைத்தான்.

சிக்கல் என்னவென்றால், புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டிப் பெருக அவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். நம் ஊர்ச் சூட்டில் சில சமயம் கொஞ்சம் முன்னாடியே முடியும். அதற்குள் மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே குளிக்க வேண்டியதுதான். இதற்கு 'நியூ டேங்க் சிண்ட்ரோம்' என்றே ஒரு பெயர் இருக்கிறது.

ஆக, முதல் மாதம் தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

மீன் இல்லாத தொட்டியில் குழந்தைக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடச் சொல்லுங்கள். "யாருக்கு?" என்று கேட்கும். "கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கு" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும். தீவனம் அழுகி அம்மோனியா உருவாகும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.

கடையில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு மருந்து வடிவ டெஸ்ட் கிட் கிடைக்கும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, மாறுகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மருந்தை நீங்கள் விடுங்கள், நிறத்தைப் பார்த்து எண்ணைச் சொல்வது குழந்தையின் வேலை. ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரேட் தலைகாட்டும். தீவனம் போட்டுக்கொண்டே இருந்தும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து சில நாள்கள் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். ஸ்கூல் அறிவியல் புத்தகத்தில் நைட்ரஜன் சுழற்சிப் படம் வரும்போது, இந்தப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரிந்த கதையாக இருக்கும்.

மீன் வாங்கும் விலையைவிட கிட் விலை அதிகம்தான். ஆனாலும் கலர் கல்லிலும், வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலையிலும் மிச்சம் பிடித்து இதை வாங்குங்கள் என்பதே என் கட்சி.

சீக்கிரம் முடிக்க வழி உண்டா? உண்டு. நோய் இல்லாத, ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாக்டீரியா கூட்டமாகக் குடியேறிவிடும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். இடையில் ஒரு நாள் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கினால் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். புதுத் தொட்டியில் இது சகஜம், தானாகத் தெளியும்.

கிண்ணம் ஏன் வேண்டாம்?

'சின்னதா ஆரம்பிப்போம்' என்று நினைப்பது இயல்பு. மீன் விஷயத்தில் இது தலைகீழ். ஒரே மீன், ஒரே அளவு கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் கிண்ணத்தில் அம்மோனியாவின் அடர்த்தி, 50 லிட்டர் தொட்டியில் இருப்பதைவிடப் பத்து மடங்கு. அதாவது பெரிய தொட்டியில் குழந்தை தெரியாமல் நாலு சிட்டிகை கூடுதலாகத் தீவனம் போட்டாலும் சமாளித்துக்கொள்ளும். கிண்ணம் மன்னிக்காது.

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்குச் சரி. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் 70 கிலோவை நெருங்கும். அதனால் டிவி ஸ்டாண்டின் ஓரத்தில் வைக்கிற வேலை வேண்டாம். தள்ளாடாத, சமமான, குழந்தை பிடித்து இழுத்தாலும் சாயாத இடம் வேண்டும். அடியில் ஒரு தெர்மோகோல் ஷீட் போடுங்கள். ஜன்னல் வெயில் நேரடியாகப் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடாகும்.

ஃபில்டரைப் பொறுத்தவரை, ஏர் பம்ப்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே முதல் தொட்டிக்குப் போதும். விலை குறைவு, குட்டி மீனையும் இழுத்துக்கொள்ளாது. அது 24 மணி நேரமும் ஓட வேண்டும். 'ராத்திரி சத்தமா இருக்கு' என்று நிறுத்தினால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் குறையும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரன்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பம்ப்புக்குள் இறங்கிவிடும். பிளக்குக்குப் போகும் ஒயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சுவிட்ச் போர்டுக்குப் போகாது. தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பது, பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் விதி.

ஹீட்டர்? சென்னை மாதிரியான ஊருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நமக்குப் பிரச்சினை கோடைதான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மே மாதத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். கூடவே அம்மோனியாவையும் ஒருமுறை டெஸ்ட் செய்துவிடுங்கள், அதற்கும் இதே அறிகுறிதான்.

மெட்ரோ வாட்டரா, போரா, கேனா?

குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். நம்மை நோயிலிருந்து காக்கும் அதே குளோரின், மீனின் செவுளையும், நாம் ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு விடலாம். இல்லாவிட்டால் அகன்ற பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

போர் தண்ணீரில் பொதுவாகக் குளோரின் இருக்காது, உப்பும் கடினத்தன்மையும் அதிகம். அதற்காக ஆர்ஓ தண்ணீருக்கு ஓட வேண்டியதில்லை. தாதுக்கள் எல்லாம் வடிகட்டப்பட்ட தண்ணீர் மீனுக்குத் தனியாக நல்லதல்ல. கடினத் தண்ணீரை விரும்பும் மீனைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கப்பி, மாலி, பிளாட்டி எல்லாம் அந்த ரகம்.

சரி, எந்த மீன்?

சென்னைக்காரர்களுக்கு கொளத்தூர் தெரியும், தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பாலிதீன் பைகளில் மீன்கள் தொங்கும். அங்கே போகும் முன்பே என்ன வாங்கப் போகிறோம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைக்குள் போனபிறகு குழந்தையின் கை எதைக் காட்டும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை!

கப்பிதான் என் முதல் சிபாரிசு. சின்னது, நிறமானது, துறுதுறுவென இருக்கும். கொசுப் புழுக்களைத் தின்னும் என்பதால் அரசுகளே நீர்நிலைகளில் விட்ட மீன் இது. முட்டை இடாது, குட்டி போடும். அதுவும் சுமார் மாதத்துக்கு ஒருமுறை. ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தணுவைப் பெண் கப்பி பல மாதங்கள் சேமித்து வைத்திருக்கும் என்பதால், பெண்ணை மட்டும் தனியாக வாங்கி வந்தாலும் குட்டிகள் வரலாம். தொட்டி நிரம்பி வழிய வேண்டாம் என்றால் ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள். முதலில் நாலைந்து, இரண்டு வாரம் டெஸ்ட் பூஜ்யமாகவே இருந்தால் இன்னும் கொஞ்சம்.

கூட்டமாகச் சுற்றும் மீன் வேண்டுமென்றால் ஜீப்ரா டேனியோ, குறைந்தது ஆறு. இது நம் துணைக்கண்டத்து மீன். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதை வளர்க்கிறார்கள். காயப்பட்ட இதயத்தைத் தானே திரும்ப வளர்த்துக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு. இதைக் கேட்ட பிறகு கோல்டு ஃபிஷ்ஷை மறந்த குழந்தைகள் உண்டு.

கோல்டு ஃபிஷ் ஏன் வேண்டாம்? விரல் நீளத்தில் வாங்கும் அது அரை அடியைத் தாண்டி வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது, கழிவும் அதிகம். இரண்டு அடித் தொட்டி அதற்குக் காணாது. ஃபைட்டரைக் கப்பில் வைத்து விற்பதைப் பார்த்து, அதற்கு அதுவே போதும் என்று நினைக்கிறோம். செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும் இருப்பதால்தான் அது கப்பில் சாகாமல் தாக்குப்பிடிக்கிறது. ஒரே ஒரு ஃபைட்டர், இருபது லிட்டர் தொட்டி, மூடி என்றால் சரி. இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் ரணகளம்தான். வாஸ்துவுக்காக ஃப்ளவர்ஹார்ன் வாங்கச் சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அது ஒரு அடி வரை வளரும், கப்பியை ஸ்நாக்ஸாகச் சாப்பிடும். அதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது 'டேங்க் கிளீனர்'. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கூடவே தலையில் கட்டப்படும் கறுப்பு சக்கர் மீன். அது ஒரு அடிக்கு மேல் வளரும், அதுவே நிறையக் கழிவும் போடும். தொட்டி போதாமல் போனதும் மனசு கேட்காமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. முள் துடுப்பால் மீனவர்களின் வலையும் கிழிகிறது. வேண்டாத மீனைக் கடைக்கோ இன்னொரு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள், கப்பியையும்கூட.

வாங்கி வந்த பையை மூடியபடியே தொட்டித் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

வார வேலை

ஞாயிறு காலை அரை மணி நேரம் போதும். சைஃபன் குழாயால் அடிக் கழிவோடு கால்வாசித் தண்ணீரை எடுத்து, குளோரின் போன தண்ணீரை ஊற்றுங்கள். வெளியே எடுத்ததைச் செடிகளுக்கு ஊற்றலாம், நைட்ரேட் செடிக்கு உரம். ஸ்பாஞ்ச் அழுக்கானால், அந்த எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். குழாயடியில் வைத்து 'பளிச்'சென்று கழுவினால் சைக்கிள் மறுபடி முதலிலிருந்து. தொட்டிப் பொருள் எதிலும் சோப்பு படக் கூடாது. வேலை முடிந்ததும் குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

தீவனம், ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். டப்பா குழந்தைக்கு எட்டாத இடத்தில், போடுவது மட்டும் குழந்தை.

இவ்வளவு பார்த்தும் ஒரு மீன் சாகலாம். கப்பியின் ஆயுளே இரண்டு வருஷம் போலத்தான். ராத்திரியோடு ராத்திரியாக அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி விட்டு ஏமாற்ற வேண்டாம், பெரும்பாலான குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நோட்டை எடுத்து, டெஸ்ட் செய்து, 'என்ன ஆச்சுனு பார்க்கலாமா?' என்று கேளுங்கள். பிறகு தொட்டிச் செடிக்கடியில் புதைக்கலாம். அழுதால் அழட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த, ஆரோக்கியமான மீன் நாலைந்து நாள் சாப்பிடாமல் இருக்கும். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் உரிய தீவனத்தைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதிப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். முழு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பு மிகுதியில் அவர்கள் போடும் தீவனம்தான், திரும்பி வரும்போது நைட்ரைட் டெஸ்டில் கத்தரிப்பூ நிறமாக வந்து நிற்கும்.