நொண்டிக் குதிரையும் சறுக்கலும்: உழைக்கும் விலங்குகளின் கால்நோய் பற்றி ஒரு நோக்கு

‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்பது நம்மிடையே பெருவழக்கிலுள்ள பழமொழி. வேலையைத் தட்டிக்கழிப்போரைச் சுட்டவே இது பயன்படுகிறது. பழமொழிகள் மக்கள் அனுபவத்தின் திரட்சி என்பர். ஆயின், எந்த மக்களின் அனுபவம் என்ற வினாவும் எழுதல் வேண்டும். இப்பழமொழியிற் பேசுபவன் குதிரையின் மேல் அமர்ந்திருப்பவன். அதன் குளம்பைத் தூக்கிப் பார்த்தவன் அல்லன். சறுக்கல் சாக்கன்று, நோய்க்குறி என்பதையும், அந்நோயின் வேர் குளம்பில் மாத்திரமன்றி உழைப்பு உறவுகளிலும் உண்டு என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டிப் பிரதேசத்திற் குதிரை ஏர் இழுத்த விலங்கன்று. தோட்டத் துரைமாரின் சவாரிக்கே பயன்பட்டது. உழைப்பின் சுமை மாட்டின் மீதும் எருமையின் மீதுமே விழுந்தது. கண்டியரசர் காலத்தில் உப்பும் கருவாடும் மலையேறியதும் பாக்கு கரையோரத்துக்கு இறங்கியதும் ‘தவளம்’ எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளாலேயாம். 1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. பின்னர் வீதி அமைந்து கோப்பித் தோட்டங்கள் பெருகவே, பொதிமாட்டின் இடத்தை வண்டிமாடு பெற்றது. 1867இற் புகையிரதம் கண்டியை அடையும்வரை, கோப்பி கடுகண்ணாவை வழியாக மாட்டுவண்டிகளிலேயே கொழும்பு சென்றது. இறக்கத்திற் பாரம் முன்னோக்கி அழுத்த, அதனைத் தாங்கியவை மாட்டின் கழுத்தும் முன்கால்களுமே. தும்பறை, உடுநுவர வயல்களிலோ எருமைகள் நாள் முழுவதும் சேற்றில் மிதித்தன. உழவு இயந்திரம் பரவியபின் அவற்றின் தொகை குறைந்ததேயன்றி, உழைக்கும் விலங்கின் கால்நோய் பற்றிய பிரச்சினை மறைந்துவிடவில்லை.

நொண்டுதல் தனியொரு நோயன்று, வலியின் வெளிப்பாடு. முன்காலில் நோவுள்ள குதிரை அக்கால் நிலத்திற் படும்போது தலையை உயர்த்தும். நலமான கால் படும்போது தாழ்த்தும். மாடு முதுகை வளைத்து, எட்டைக் குறுக்கி நடக்கும். தோளையும் முழங்காலையும் ஐயுறுமுன் குளம்பைத் தூக்கிக் கழுவிப் பார்த்தல் வேண்டும். கல், ஆணி, வெடிப்பு, சூடு, துர்நாற்றம் ஆகியன அங்கே தேடத்தக்கவை. மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஆதலால் ஒரு காலுக்கு இரண்டு லாடத் தகடுகள் வேண்டும். உயிருள்ள பகுதியிற் புகுந்த ஒரு லாட ஆணியே நொண்டலுக்குப் போதும்.

குளம்பினுள் சீழ் கட்டியிருப்பின், அதனை வெட்டி வடியவிட்டுக் கட்டுப்போட வேண்டும். ஆணி குத்திய குதிரைக்கு ஏற்புவலித் தடுப்பு இன்றியமையாதது. ஈரத்தில் ஊறிய குளம்பிடைத் தோலின் வழியே கிருமி புகுந்து வரும் குளம்பழுகலுக்கு மிருக வைத்தியரின் ஊசி மருந்தும் உலர்ந்த தரையும் தேவை. மயில்துத்தக் கரைசலிற் காலை நனைத்தல் அது பரவாது தடுக்க உதவும். வாயிற் கொப்புளமும் உமிழ்நீர் வடிதலும் சேர்ந்திருப்பின் கால்வாய் நோயென ஐயுற்று, விலங்கை உடனே பிரித்து வைத்து அறிவித்தல் வேண்டும். பிளவுபட்ட குளம்புடையவற்றைப் பற்றும் இவ்வைரசு நோய் குதிரையைப் பற்றாது. இதற்குத் தடுப்பூசி உண்டு. நோயையே நேரடியாக மாற்றும் மருந்து இல்லை.

இம்மருத்துவங்கள் அனைத்துக்கும் பொதுவான மருந்து ஒன்றுண்டு. அது ஓய்வு. நொண்டும் மாட்டின் தோளிற் சூடு போடும் வழக்கத்தை இவ்விடத்து நோக்குதல் தகும். சூடு, நோவுற்ற விலங்குக்கு மற்றொரு புண்ணைச் சேர்க்கிறது. எனினும் சூடுபட்ட மாட்டை எவரும் உடனே நுகத்திற் பூட்டார். அவ்வோய்விலே கால் தேறியிருக்க, புகழைச் சூட்டுக்கோல் பெற்றுக்கொண்டது எனலாம். இதனை வெறும் அறியாமையென ஒதுக்குவது எளிது. ஆனால் ஓய்வளிக்க இயலாத ஏழைக்கு, ஓய்வுக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இங்கேதான் மருத்துவம் பொருளியலைச் சந்திக்கிறது. கூலிக்கு வண்டியோட்டுபவனின் மாடு பத்து நாள் நின்றால், பத்து நாள் அவனது அடுப்பும் நிற்கும். அவன் கொடியவன் என்பதால் மாத்திரம் நொண்டும் மாடு பூட்டப்படுவதில்லை. குறித்த அளவு கொழுந்து பறிக்க இயலாத தொழிலாளிக்கு ‘அரைப்பேர்’ போட்ட தோட்ட முறையும் இதே தர்க்கத்தின்பாற்பட்டதே. அங்கும் நோவு சாக்காகவே எண்ணப்பட்டது.

விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1907இலேயே வந்தது. அது தண்டத்தை விதித்தது. நின்றுபோன நாளின் கூலியை எவர் தருவது என்று சொல்லவில்லை. பேராதனையில் மிருக வைத்தியம் கற்பிக்கப்படுகிறது. கன்னொறுவையில் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அவ்வறிவு தொழுவத்தை அடைவதோடு, ஓய்வு நாளின் இழப்பை உழைப்பாளி தனித்துச் சுமக்காத ஏற்பாடும், கூட்டுறவு வழியாகவோ காப்புறுதி வழியாகவோ, அமைதல் வேண்டும். அதுவரை சறுக்கலைச் சாக்கென்று சொல்லும் குரலே மேலோங்கி ஒலிக்கும்.