இடம் மாறினாலும் மாறாத எண்

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் பீங்கான் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். சோழர் வரலாறு தேடுவோருக்கோ அது பழமலைநாதர் கோயில் இருக்கும் ஊர். இன்னும் குறிப்பாக, 1918-ஆம் ஆண்டின் 47-ஆம் எண். உத்தம சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, செம்பியன் மாதேவி இக்கோயிலைக் கல்லால் எடுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டுக்கு, மத்தியத் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கை கொடுத்த எண் அது.

அத்துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போனது. கல்வெட்டுகளை மையில் ஒற்றியெடுத்த மைப்படிகளும் கூடவே போயின. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தனை இடமாற்றத்துக்கும், '1918/47' என்று அடிக்குறிப்பு எழுதிய ஆய்வாளர் எவரும் தன் நூலைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. எண் கல்வெட்டுக்குத் தரப்பட்டது, அலமாரிக்கு அல்ல.

இணையத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. காப்பகத்தின் அட்டவணையில் தேடி ஓர் ஆவணத்தைக் கண்டுபிடிப்போம். மேலே முகவரிப் பட்டியில் இருப்பதை அப்படியே நகலெடுத்துக் கட்டுரையில் ஒட்டிவிடுவோம். அந்த நீண்ட வரியில் சர்வரின் பெயர், மென்பொருளின் பெயர், சில சமயம் அன்றைய தேடலுக்கு மட்டும் உருவான தற்காலிகக் குறியீடு எல்லாம் கலந்திருக்கும். மறுநாளே அது திறக்காமல் போகலாம். நிறுவனம் மென்பொருளை மாற்றினாலோ, ஆய்வாளர்கள் கொடுத்த இணைப்புகள் மொத்தமாக, பக்கம் இல்லை என்று சொல்லும் '404' ஆகிவிடும்.

இதற்கு வந்த தீர்வுதான் நிலையான இணைப்பு. தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்வடிவாக்கியது. அழியும் ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தில் அந்தப் பணியின் எண் இ.ஏ.பி. 737. அதற்கு 'டி.ஓ.ஐ.' என்னும் நிலையான எண்ணும் உண்டு; அது 10.15130 என்று தொடங்கி இதே எண்ணில் முடியும். அந்த இணைப்பைச் சொடுக்கினால் முதலில் டி.ஓ.ஐ. பதிவேட்டுக்குப் போகும். அங்கே அந்த எண்ணுக்கு நேராக இன்றைய முகவரி எழுதப்பட்டிருக்கும். அங்கிருந்து வாசகரை உரிய பக்கத்துக்கு அனுப்பிவிடும். பக்கம் இடம் மாறினால் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

எந்த எண்ணாலும் சர்வர் முடங்குவதைத் தடுக்க முடியாதுதான். 2023 அக்டோபரில் சைபர் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் முதன்மை அட்டவணை, 2024 ஜனவரியில்தான் இணையத்துக்குத் திரும்பியது. ஆனாலும் எண் இருந்தால், பொருள் புதிய முகவரிக்குப் போகும்போது பழைய அடிக்குறிப்பும் பின்தொடர்ந்து போகும்.

இதில் மென்பொருளின் பங்கு சிறிது; அலுவலக ஒழுங்கின் பங்கு பெரிது. ஒரு தடவை கொடுத்த எண்ணை வேறு ஆவணத்துக்குக் கொடுக்கக் கூடாது. பதிவை நீக்க நேர்ந்தால்கூட, அங்கே என்ன இருந்தது என்று சொல்லும் பக்கம் நிற்க வேண்டும். செலவைக் காட்டித் தள்ளிப்போடவும் காரணமில்லை: நிலையான எண் தருவதற்காக 2001-இல் உருவான 'ஆர்க்' முறைக்குக் கட்டணமே கிடையாது.

பீங்கான் தொழிலைக் கற்றுத்தரவே அரசு நிறுவனம் கண்ட ஊர் விருத்தாசலம். அங்குள்ள சூளைப் பதிவேடுகளையும் அச்சு வரைபடங்களையும் யாரேனும் ஸ்கேன் செய்ய முன்வந்தால், ஒவ்வொன்றுக்கும் முதலில் ஓர் எண் கொடுங்கள். இணையதளத்தைப் பிறகு கட்டலாம். படிப்பவர்களும் முகவரிப் பட்டியை நம்பாமல், பதிவிலேயே தந்திருக்கும் நிலையான இணைப்பை எடுத்து, காப்பகத்தின் பெயரையும் ஆவண எண்ணையும் சேர்த்து எழுதி வையுங்கள்.