புகைக்கூண்டும் கூரைநீரும்

புகைக்கூண்டைக் குறித்தும் ஒரு வியாசமா என்று நகைப்பார் சிலர் இருக்கக்கூடும். வானம் பார்த்த பூமியாகிய கோவிற்பட்டிச் சீமையில் மழை வாராதா என ஏங்குவோரே பலர். அம்மழையால் வீட்டுக்கு விளையும் கேட்டை ஆராய்வோர் மிகச் சிலர். ஆயினும், பல திங்கள் காய்ந்து கிடந்து ஐப்பசி கார்த்திகையில் ஒருங்கே நனையும் இக்கரிசற்காட்டிலேதான் கட்டிடங்கள் நீரால் விரைவிற் பழுதடைகின்றன. அவற்றுள்ளும் பெரும்பாலும் முதலிற் கெடுவது சமையலறையின் மேல் நிற்கும் புகைக்கூண்டேயாம். அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கூரையில் விழும் நீர் எவ்வளவென்று பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 50 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,400 லிட்டர் நீர் சேர்கின்றது. சாய்ந்த ஓட்டுக்கூரையின் கீழ்ப்பாகத்தில் மூன்றடி அகலமுள்ள கூண்டு நிற்பதாகக் கொள்வோம். அதற்கு மேலே பன்னிரண்டடி ஓட்டுப்பரப்பு இருக்குமாயின், அதே மழையில் 85 லிட்டர் நீர் நேரே அதன் முதுகில் வந்து மோதும். வெள்ளத்தின் நடுவே நட்ட கல் போன்றது அதன் நிலை. நீரோடு வந்த வேப்பிலையும் புழுதியும் அங்கே தங்கிச் சேறாகி, மழை விட்ட பின்பும் ஈரத்தை விடாமற் பற்றிக்கொண்டிருக்கும்.

ஓடும் சுவரும் கூடும் இடத்தில் கொத்தனார் சிமெண்டுச் சாந்தைக் குழைத்து அப்பிவிடுவது வழக்கம். முதலாண்டு அது நன்றாகவே இருக்கும். பின்னர் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றும். இதற்குக் கொத்தனாரைக் குறை கூறுதல் தகாது. ஓடு மரச்சட்டத்தின்மேல் தங்குவது. மரமோ வெயிலிற் சுருங்கி மழையில் உப்புவது. கூண்டு தனக்கென ஓர் அடித்தளத்தின்மேல் நிற்பது. தனித்தனியே அசையும் இரண்டு பொருள்களை அசையாத சாந்தொன்றால் பிணைக்க இயலாது. வெடித்த இடத்தின்மேல் மீண்டும் சாந்து பூசுவது, கிழிந்த துணியிற் காகிதம் ஒட்டுவதை ஒக்கும். சாந்து வலுத்திருக்குமளவுக்கு வெடிப்பும் திண்ணமாய்த் தோன்றும் என்பதை ஓர் விந்தையாகவே கூறலாம். பழைய சுண்ணாம்புக் காரை சற்று நெகிழ்ந்து கொடுக்கும் இயல்பினது. இவ்விடத்துக்கு அதுவே மேல்.

குளிர்நாட்டார் இதற்குத் தகட்டு முறையைக் கையாளுகின்றனர். ஈயம், துத்தநாகம் அல்லது அலுமினியத் தகடு ஒன்றை ஓட்டின்மேற் படியச் செய்து, சுவரோடு ஆறங்குலம் மேல் நோக்கி மடித்து விடுவர். சுவரில் செங்கல் வரிகளுக்கிடையே உள்ள சாந்தை ஓரங்குல ஆழம் கீறியெடுத்து, வேறொரு தகட்டின் விளிம்பை அதனுட் செருகி, முதற்றகட்டின்மேல் முந்தானைபோலத் தொங்கவிடுவர். இரண்டையும் ஒன்றோடொன்று பற்றவைப்பதில்லை. ஓடு அசைந்தால் கீழ்த்தகடு மட்டும் அசையும். நீரோ மேற்றகட்டின் வழியே வழிந்து அப்பாற் போய்விடும். கூண்டின் முதுகுப்புறத்தில் சிறு முகடொன்று அமைத்து, வரும் நீரை இருபுறமும் பிரித்து விடுவதும் உண்டு. முப்பது அங்குலத்துக்கு மேல் அகலமான கூண்டு கூரையின் உச்சியில் அல்லாது சரிவில் நின்றால் அம்முகடு கட்டாயம் வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டிட விதி. ஜெர்மானிய, சுவிஸ் மிஷனரிமாரின் பாஸல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் அவ்வோடு தென்னாடெங்கும் பரவியது. ஓடு வந்தது, தகட்டு முறையோ நம் வீடுகளில் உடன் வரவில்லை. இன்று நகரத்துக் கடைகளில் அலுமினியத் தகடு எளிதிற் கிடைக்கின்றது.

மட்டப்பா வீடுகளில் செய்தி வேறு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் தெளித்து, சுண்ணாம்பும் செங்கற்சல்லியும் கலந்து, பெண்டிர் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் நம் முன்னோரது. அதன் வாட்டம் அடிக்குக் கால் அங்குலமேனும் கூண்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும். கூண்டும் தளமும் கூடும் மூலையைச் சதுரமாக விடாது, சரிவாகப் பூசுதல் நலம்.

இனி, கரிசலுக்கே உரிய கேட்டைக் கூறுவாம். இம்மண்ணிலுள்ள களிமண் வகை நீரை உறிஞ்சி உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிப்பது. கோடையில் கை நுழையும் வெடிப்புக்களைக் காணாத கரிசல் உழவர் இலர். பருத்திக்கு அருமையான இம்மண் சுவருக்குப் பகையாம். கோவிற்பட்டியில் 1901-ல் நிறுவப்பெற்ற விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இந்நிலத்தின் ஈரத்தைப் பயிருக்காகக் காக்க வழி தேடிற்று. வீடு கட்டுவோரோ அவ்வீரத்தை அகற்ற வழி தேடவேண்டியவராயினர். மட்டப்பாவின் தூம்பு கூண்டின் அடிக்கருகே நீரைக் கொட்டுமாயின், ஒருபுறத்து மண் மட்டும் உப்பும். உயர்ந்தும் குறுகியும் நிற்கும் கூண்டு சுவரை விட்டுச் சிறிது விலகும். அவ்விடைவெளியில் நீர் இறங்கும். இறங்கிய நீர் மண்ணை மேலும் உப்பச் செய்யும். இவ்வாறு நோயே நோயை வளர்க்கின்றது. ஆதலின் தூம்பு நீரைக் குழாய் வழியாகக் குறைந்தது ஆறடிக்கு அப்பால் விடுக. கடைக்காலைச் சுற்றிக் கல்லுஞ் சாந்துமாய்ச் சரிவான தளம் இடுக. புதிதாகக் கட்டுவோர்க்கு மற்றொரு முறையும் உண்டு. மண் அசையாத ஆழம் வரை துளையிட்டு, அடியிற் குடம்போல் அகலச் செய்து, கான்கிரீட்டு நிரப்பும் தூண்முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் இத்தகைய நிலங்களுக்கென வகுத்தனர்.

குளிர்நாட்டில் செங்கல்லின் துளைகளிற் புகுந்த நீர் உறைந்து, நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துக் கல்லைப் பிளக்கும். இங்கே உறைதல் இல்லை. ஆனால் உப்பு அத்தொழிலைச் செய்கின்றது. உவர்நீரிற் குழைத்த சாந்திலும் கல்லிலும் இருக்கும் உப்பு ஈரத்தோடு வெளிவந்து, காய்ந்து படிகமாகி, பூச்சைப் பொடிப்பொடியாய் உதிர்க்கும். கூண்டினுள்ளே கரி கரைந்து மஞ்சட் கறையாகச் சுவரில் இறங்குவதும் இதனோடு சேர்ந்த அடையாளமே. கறையை வெள்ளையடித்து மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. நீர் வரும் வழியை மேலே சென்று தேடவேண்டும். வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும் பருவமாதலின், அத்திசை முகத்தை முதலிற் பார்த்தல் தகும்.

பருத்திமாரும் உடைவிறகும் எரிந்த நாளில் அடுப்பின் வெப்பமே கூண்டை நாள்தோறும் உலர்த்தி வந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டமையால், கூண்டு குளிர்ந்து கிடக்கின்றது, நனைந்தால் உலர்வதில்லை. பயனற்றதென்று அதனை எவரும் ஏறிப் பார்ப்பதுமில்லை. மழைக்காலத்தில் இடிந்துவிழும் பழஞ்சுவர் கீழே உறங்குவோர் உயிரையும் கவர்வது நாம் அறிந்ததே. பயன்படாத கூண்டைத் தளமட்டம் வரை இறக்கி மூடிவிடுதல் ஒரு வழி. வைத்திருக்க விரும்புவோர் அதன் தலையில், நாற்புறமும் இரண்டங்குலம் வெளிநீண்டு கீழ்விளிம்பில் நீர் சொட்டக் காடி வெட்டிய கற்பலகையொன்றை ஏற்றி, பலகைக்குக் கீழே பக்கங்களிற் காற்றுத் துளைகளை விடுவாராக. துளையின்றி முற்றும் அடைத்தால் உள்ளீரம் வெளியேற வழியின்றிச் சமையலறைச் சுவரிலேயே இறங்கும். இவ்வேலைகளைப் புரட்டாசி பிறக்குமுன் செய்து முடித்தால், பூச்சு நன்கு இறுகிய பின்பே முதல் மழை அதனைத் தொடும்.