செஞ்சி வட்டார நிலக்கடலைச் சாகுபடியில் மண் நுண்ணுயிரிகள்: காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிமுறைகள்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டாரத்தில் நெல்லுடன் நிலக்கடலையும் முதன்மைப் பயிராக விளங்குகிறது. ‘மல்லாட்டை’ என இவ்வட்டார மக்கள் வழங்கும் இப்பயிர், பூக்கும் பருவத்திலும் விழுது இறங்கும் பருவத்திலும் ஈரக்குறைவைத் தாங்குவதில்லை. மறுபுறம், 2024 நவம்பர் இறுதியில் கரைகடந்த ஃபெங்கல் புயல் இம்மாவட்டத்தின் வயல்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வறட்சி, பெருமழை என்னும் இரு முனைகளுக்கிடையே இப்பயிரைக் காப்பதில் மண் நுண்ணுயிரிகளின் பங்கையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்படும் முறை

நிலக்கடலையின் வேர்முண்டுகளில் வாழும் பிராடிரைசோபியம், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. பல பயறுவகைகளில் வேர்த்தூவி வழியாக நுழையும் இவ்வகைப் பாக்டீரியா, நிலக்கடலையில் பக்கவேர் வெடித்து வெளிவரும் இடைவெளி வழியாகவே நுழைகிறது. இதனால் தழைச்சத்து உரத்தேவை குறைகிறது. அவ்வுரத்தால் மண்ணிலிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைகிறது. நூறாண்டுக் கணக்கில் இவ்வாயுவின் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 273 மடங்காகும்.

வறட்சியில் பயிர் மிகுதியாகச் சுரக்கும் எத்திலீன் வேர் வளர்ச்சியைத் தடுக்கிறது. வேர்சூழ் பாக்டீரியாக்களுள் சில, எத்திலீனின் முன்பொருளான ஏசிசியைச் சிதைத்து அத்தடையைத் தளர்த்துகின்றன. வேர் உட்பூசணத்தின் இழைகள், வேர் எட்டாத மண்துளைகளிலிருந்து மணிச்சத்தையும் நீரையும் ஈர்க்கின்றன. பாக்டீரியா சுரக்கும் பசைப்பொருள்கள் மண்துகள்களைப் பிணைத்து ஈரத்தைத் தக்கவைக்கின்றன.

பயன்பாட்டு நெறி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 600 கிராம் ரைசோபியம் (டிஎன்ஏயு 14), 600 கிராம் பாஸ்போபாக்டீரியா ஆகியவற்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்யப் பரிந்துரைக்கிறது. நோய்க்கட்டுப்பாட்டிற்குக் கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் போதுமானது. இங்கு வரிசைமுறை இன்றியமையாதது: முதலில் உயிரியல் நோய்க்கொல்லியும் அதன்பின் ரைசோபியமும் இடப்பெற வேண்டும். பூசணக்கொல்லியையும் உயிரியல் நோய்க்கொல்லியையும் ஒரே விதையில் சேர்த்தால், பின்னதன் உயிரிகள் அழியும்; செலவு மட்டுமே எஞ்சும்.

எல்லைகள்

உயிர் உரம் உயிருள்ள இடுபொருள். வெயிலில் கிடந்த பொட்டலமும் காலாவதியான பொட்டலமும் பயன் தாரா. தரமான பொட்டலமும், மண்ணில் முன்பே நிலைகொண்ட உள்ளூர் ரைசோபியத்துடன் வேர்முண்டு இடத்திற்குப் போட்டியிட வேண்டியுள்ளது. அந்த உள்ளூர் இனங்கள் தழைச்சத்தை நிலைப்படுத்துவதில் திறன் குன்றியவையாகவும் இருக்கலாம். நீர் தேங்கினால் வேர்முண்டுகளுக்கு உயிர்வளி கிட்டாது, தழைச்சத்து நிலைப்படுத்தல் முடங்கும். ஆதலின் வெள்ளத்திற்கு வடிகாலே முதல் மருந்து. கடும் வறட்சியிலும் வேர்முண்டுகள் செயலிழக்கும். அங்ககக் கரிமம் குறைந்த மண்ணில் தொழுவுரமின்றி இடப்படும் நுண்ணுயிரிகள் நிலைபெறுவது அரிது.

முடிவுரை

நுண்ணுயிரிகள் மழைக்கு மாற்றல்ல. பயிர் இடர்தாங்கும் கால அளவை நீட்டிக்கும் துணைகளே. செஞ்சியின் வறட்சிக்கும் வெப்பத்திற்கும் பழகிய உள்ளூர் இனங்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் திறன்மிக்கவற்றைத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. இரகங்களுடன் உழவர் வயல்களிலேயே ஒப்பிட்டு ஆராய்வது, போட்டித்திறன் என்னும் அடிப்படைச் சிக்கலுக்குத் தீர்வுகாண உதவும்.