கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்! உள்ளே அவசரம், வெளியே வரிசை

ஒரு கம்ப்யூட்டருக்குள் பத்துக் கம்ப்யூட்டர்கள் குடியிருக்க முடியுமா?

முடியும்! இன்று கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும் கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. ஒரே எந்திரத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. முழு எந்திரமும் தனக்கே என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அவர்களிடம் இருப்பது ஒரு நிழல் எந்திரம். 'மெய்நிகர் எந்திரம்' என்று படித்தவர்கள் சொல்வார்கள்.

இது புது வித்தை அல்ல. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி என்பவரின் குழு 1967-ம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டியது. ஒரே எந்திரத்தில் 14 நிழல் எந்திரங்கள்!

ஆனால், பலர் கூடி வாழும் இடத்தில் தகராறு வராமல் இருக்குமா? யாருக்கு முதல் முறை என்பதுதான் இங்கே தகராறு.

யாருக்கு அவசரம்?

கம்ப்யூட்டரின் மூளைக்குப் பிராசசர் என்று பெயர். காத்திருக்கும் வேலைகளோ நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அதனால் கவனிக்க முடியாது. வினாடியைத் துண்டு துண்டாக நறுக்கி, வேலைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க ஒரு புரோகிராம் உண்டு. அதை மேஸ்திரி என்று வைத்துக்கொள்வோம்.

'லினக்ஸ்' என்ற முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. -20 என்றால் மிகவும் அவசரம். 19 என்றால் சாவகாசம். அந்த எண்ணின் பெயர் 'நைஸ்'. பிறருக்கு விட்டுக் கொடுக்கும் நல்ல குணம் எவ்வளவு என்று அது காட்டுகிறதாம்!

ஒண்டுக் குடித்தனம்

நிழல் எந்திரம் வந்ததும் மேஸ்திரிகள் இருவர் ஆகிவிடுகிறார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

ஒரே குழாயை நம்பிப் பத்துக் குடித்தனங்கள் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு குடித்தனத்தில் அம்மா சொல்கிறாள்: "முதலில் உலைக்குத் தண்ணீர். துணியெல்லாம் பிறகு." ஆனால், குழாயடியில் முறை வைப்பவர் வீட்டுக்காரர். அவருக்கு உலையும் தெரியாது, துணியும் தெரியாது. குடித்தனத்துக்கு இத்தனை குடம், அவ்வளவுதான்! இங்கே உலைக்குத் தண்ணீர் இல்லை. பக்கத்துக் குடித்தனத்தில் துணி அலசிக்கொண்டிருப்பார்கள்.

நிழல் எந்திரத்துக்குள் -20 வாங்கிய வேலையின் கதியும் இதுவே. லினக்சில் 'கே.வி.எம்.' என்ற ஏற்பாடு 2007-ம் ஆண்டு சேர்ந்தது. அதில் நிழல் எந்திரத்தின் பிராசசர் ஒவ்வொன்றும் வெளி மேஸ்திரியின் கண்ணுக்கு ஒரு சாதாரண வேலை. உள்ளே போட்ட எண் அவரிடம் செல்லாது.

சாவியோடு தூக்கம்

வெளி மேஸ்திரி நிறுத்தி வைத்தது நிழல் எந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. மயக்கம் தெளிந்தவன் போல, விட்ட இடத்திலிருந்து தொடரும். துடிப்புகளை எண்ணி மணி பார்த்த பழைய நிழல் எந்திரங்களில் கடிகாரமே பின்தங்கியது உண்டு!

இதைவிடப் பெரிய சங்கடமும் இருக்கிறது. உள்ளே ஒரு வேலை, பொதுக் கணக்கு ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு திருத்துகிறது. பாதியில் வெளி மேஸ்திரி அதை நிறுத்திவிடுகிறார். சாவி அதனிடம்! அதே கணக்கு வேண்டிய மற்ற வேலைகள் பூட்டின் முன்னால் சுற்றிச் சுற்றி வருகின்றன. கிடைத்த நேரமும் வீண்.

திருட்டுப் பட்டம்

ஓடத் தயாராக இருந்தும் வெளி மேஸ்திரி இடம் தராததால் காத்திருந்த நேரத்துக்கு லினக்ஸ் தனிக் கணக்கு வைக்கிறது. அதன் பெயர் 'ஸ்டீல்'. திருட்டு என்று பொருள். பட்டம் சற்று அதிகம்தான். பக்கத்துக் குடித்தனம் தன் பங்கைத்தானே எடுத்தது!

வாடகை எந்திரம் மந்தமானால், அனுபவசாலிகள் இந்த எண்ணைப் பார்ப்பார்கள். அது ஏறியிருந்தால், உள்ளே முன்னுரிமையை மாற்றிப் பயனில்லை. வெளியில்தான் சரிசெய்ய வேண்டும்.

அதற்கும் வழிகள் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'சென்' என்ற புரோகிராம், நிழல் எந்திரங்களுக்கு எடை போட்டது. வழக்கமான எடை 256. நெருக்கடி வந்தால், 512 எடை உள்ளதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம். நெருக்கடி இல்லாதபோது எடையால் வித்தியாசம் இல்லை.

இன்னொரு வழி, பிராசசரின் ஒரு பகுதியை ஒரே குடித்தனத்துக்கு என்று ஒதுக்கிவிடுவது. அங்கே வேறு யாரும் குடம் வைக்க முடியாது. ஆனால், அந்தக் குடித்தனம் தூங்கும்போது அந்தப் பகுதியும் சும்மா கிடக்கும். அதனால் அப்படிப்பட்ட இடத்துக்கு வாடகை கூடுதல்.