ரம்பமும் பெயரும்

ஒரு பொருளுக்குப் பெயரிடுவது, அதனைப் பிற பொருள்களினின்று பிரித்தறிதற்பொருட்டேயாம். ஒரே பெயர் இரு பொருள்களைக் குறிப்பின் கேட்போர் மயங்குவர். மரம் அறுக்கும் கருவியைத் தமிழர் ரம்பம் என்றும் வாள் என்றும் வழங்குவர். இரு பெயரும் ஒரு கருவியையே சுட்டுதலால் தச்சர்க்கு இடர் யாதும் இல்லை. மின்விசையால் இயங்கும் ரம்பங்களின் ஆங்கிலப் பெயர்களோ அத்தகையன அல்ல. அவை நாட்டுக்கு நாடு பொருள் வேறுபடும். எழுதும் முறையிலும் வேறுபடும். அவ்வேறுபாடு அறியாதவன் பொருளை இழப்பதோடு, சிலபோது தன் உடலுக்கும் ஊறு தேடிக்கொள்வான்.

வட்டத் தகட்டின் விளிம்பில் பற்கள் அமைந்து, அத்தகடு விரைந்து சுழன்று மரத்தை அறுப்பின் அது வட்ட ரம்பம் எனப்படும். கையில் ஏந்தும் வட்ட ரம்பத்தின் தகடு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,000 முறை சுழலும். இதனை அமெரிக்கர் பலர் 'ஸ்கில்' ரம்பம் என்பர். கரும்பு வெட்டுவோர் படும் பாட்டைக் கண்டு, மின்விசையால் இயங்கும் வெட்டுகருவியொன்றை ஆக்க முயன்றவர் எட்மண்ட் மிஷெல் என்பவர். அவர் 1924-ஆம் ஆண்டில் ஜோசப் சல்லிவன் என்பவருடன் கூடித் தொடங்கிய நிறுவனமே பின்னர் ஸ்கில் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தின் பெயர் நாளடைவில் பிறர் செய்த கருவிகளுக்கும் ஆகிவந்தது. 'திறமை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் லகர ஒலிக்குரிய எழுத்து இருமுறை வரும். நிறுவனப் பெயரிலோ ஒருமுறையே வரும். இதனை அறியாது இரண்டு எழுத்தும் இட்டு எழுதுவோர் மிகப் பலர்.

'ஜிக்' என்பது துள்ளி ஆடும் ஒருவகை ஆட்டத்தின் பெயர். குறுகிய அலகு மேலும் கீழுமாகத் துள்ளி, மரத்தை வளைவு வளைவாக அறுத்தலின் அக்கருவி ஜிக் ரம்பம் எனப் பெற்றது. முதலில் இப்பெயர் நிலையாக நிறுத்தப்பெற்ற பொறிக்கே உரியதாயிருந்தது. படம் ஒட்டிய பலகையைப் பல துண்டுகளாக அறுத்து, மீண்டும் பொருத்தி மகிழும் விளையாட்டிற்கும் அதனாலேயே ஜிக்சா என்னும் பெயர் வாய்த்தது. 1946-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மான், தையற்பொறியின் ஊசியை நீக்கி, அவ்விடத்தே ரம்ப அலகைப் பொருத்தினார். அம்முயற்சியிலிருந்து கையில் ஏந்தும் கருவி பிறந்தது. இன்று ஜிக்சா என்றால் பெரும்பாலும் அக்கைக்கருவியே கருதப்படும்.

அமெரிக்கர் அக்கைக்கருவியைச் 'சேபர்' ரம்பம் என்றும் அழைத்தனர். சேபர் என்பது குதிரைப்படையினர் ஏந்திய வளைந்த வாள். இங்கிலாந்திலோ அதே பெயர் வேறொரு கருவிக்கு உரியது. நீண்ட அலகு வாள்போல முன்னே நீட்டி நின்று, முன்னும் பின்னுமாக இயங்கிக் குழாய்களையும், ஆணி பதிந்த பழைய மரங்களையும் அறுப்பது அது. அமெரிக்காவில் மில்வாக்கி என்னும் நிறுவனம் 1951-ஆம் ஆண்டில் அதனைச் 'சாஸால்' என்னும் பெயரால் விற்கலாயிற்று. 'அனைத்தையும் அறுப்பது' என்பது அதன் கருத்து. மெல்லிய பலகையில் வளைவு அறுக்கச் சேபர் ரம்பம் கொள்க என்று பழைய அமெரிக்க நூலொன்று கூறின், அதனைப் படிக்கும் ஆங்கிலேயன் பழைய சுவரை இடிப்பார்க்கு உரிய கருவியை எடுப்பான், பலகை பாழாகும். சேபர் என்னும் சொல்லின் இறுதி ஈரெழுத்துகளையும் இரு நாட்டாரும் முன்பின்னாக மாற்றி எழுதுதலால், ஒரு சொல்லையே இரண்டெனக் கருதி மயங்குவாரும் உளர்.

இவற்றினும் இடர் மிக்கது 'சாப்' ரம்பம் என்னும் பெயர். மேலிருந்து இறக்கி வெட்டும் பொறிக்கு இது வழங்கும். சிலர் பல்லுள்ள தகட்டால் மரத்தைக் கோணம் பிசகாமல் அறுக்கும் பொறியை இவ்வாறு அழைப்பர்; வேறு சிலர் தேய்ப்புச் சக்கரத்தால் இரும்பை அறுக்கும் பொறியை அழைப்பர். ஒவ்வொரு சக்கரமும் தாங்கவல்ல சுழற்சி வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. பெயரை நம்பி ஒன்றன் சக்கரத்தை மற்றொன்றில் மாட்டின், அவ்வெல்லை கடந்து சக்கரம் சிதறவும் கூடும். சிதறிய துண்டு, இயக்குவோன் கண்ணையே பறிக்கவல்லது.

ஆகவே, கருவி கொள்வோன் பெயரோடு நில்லாது மூன்றினை வினவுதல் வேண்டும். அலகு சுழல்வதா, முன்பின் இயங்குவதா, மேலுங்கீழும் துள்ளுவதா என்பது ஒன்று. அது மரத்திற்கு உரியதா, இரும்பிற்கு உரியதா என்பது மற்றொன்று. சக்கரம் உடையதாயின், அதன்மேல் பொறித்த வேகத்தைப் பொறியின் வேகம் விஞ்சுகிறதா என்பது மூன்றாவது. பெயர் ஊருக்கு ஊர் மாறலாம். அலகின் இயக்கம் எங்கும் மாறாது. பெயரைக் கேட்டபின் பொருளையும் நோக்கித் தெளிவதே அறிவுடைமையாகும்.