தரைக்கும் பற்றுப் போடலாம்!

மும்பையில் குர்லா பக்கம், மித்தி ஆற்றுக்கு அருகே உள்ள சந்துகளில் கார், ஆட்டோ, டெம்போ பழுது பார்க்கும் ஷெட்டுகள் பல இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது வண்டி அல்ல, தரைதான். சிமெண்ட் போட்ட தரை என்று பெயர். ஆனால் வருஷக்கணக்கில் எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி, கறுத்த தார் ரோடு போலக் கிடக்கும்.

அப்படி ஒரு ஷெட்டில் தொழில் நடத்தி வந்தார் திருநெல்வேலிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டார். கடைசியில் காலி செய்யும் வேளை வந்தது. சொந்தக்காரர் வந்தார், தரையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். கறையைப் போக்கிக் கொடுக்காவிட்டால், புதுத் தரை போடும் செலவை டெபாசிட்டில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

டெபாசிட் அறுபதாயிரம் ரூபாய். அடுத்த ஷெட்டுக்கு முன்பணமாகக் கொடுக்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார் மனிதர். கையில் இருந்ததோ பத்து நாள் அவகாசம்.

முதல் நாள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி சோப்புப் போட்டுத் தேய்த்தார். கறை இன்னும் அகலமாகப் பரவியது. இரண்டாம் நாள் மண்ணெண்ணெய் ஊற்றினார். மேலே கொஞ்சம் வெளுத்தது போல இருந்தது. காய்ந்ததும் பழையபடி கறுத்தது. மூன்றாம் நாள் ஆசிட். நுரை பொங்கியது, மூச்சு முட்டியது. தரைதான் சொரசொரப்பானது, கறை போகவில்லை.

பக்கத்து ஷெட்டில் பூச்சு வேலைக்கு வந்திருந்த தாராவிக் கொத்தனார் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேலத்துக்காரர்.

"ஏண்ணே, வீட்டுல தலைவலி வந்தா என்ன செய்வீங்க? சுக்கை அரைச்சுப் பத்துப் போடுவீங்க இல்ல? தரைக்கும் அதையே போடுங்க" என்றார்.

விளையாட்டாகச் சொன்னது போல இருந்தாலும், விஷயம் அதுதான்.

தரையும் குடிக்கும்

பார்வைக்குக் கல் போல இருந்தாலும் கான்கிரீட் கெட்டிப் பொருள் அல்ல. சிமெண்ட், மணல், ஜல்லியோடு தண்ணீர் சேர்த்துக் குழைக்கிறார்கள். சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையானது போக மிஞ்சிய தண்ணீர் ஆவியாகப் போய்விடும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகளாக நின்றுவிடும். தரையில் சொட்டும் ஆயிலை இந்தத் துளைகள் மெல்ல மெல்லக் குடித்துவிடுகின்றன.

ஆகவே கறை மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. மேலே எத்தனை தேய்த்தாலும் உள்ளே இருப்பது மறுபடி மேலே வரும். தண்ணீரை விட எண்ணெய் லேசானது, தண்ணீரோடு கலக்காது. தண்ணீர் ஊற்றினால் மேலே மிதந்து, சுத்தமான இடத்துக்கும் பரவும். மண்ணெண்ணெய் ஆயிலை இளக்கும்; இளகிய ஆயில் இன்னும் ஆழத்துக்கு இறங்கும். ஆசிட் எண்ணெயைத் தொடாது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைத்தான் தின்னும். தின்ற இடத்தில் துளைகள் பெரிதாகும். அடுத்த முறை ஆயில் சொட்டினால் தரை முன்னைவிட அதிகமாகக் குடிக்கும்.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே போன ஆயிலை மேலே இழுக்க வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல இழுக்க ஒரு பொருள் வேண்டும்.

புதுக் கறைக்கு

ஆயில் இப்போதுதான் கொட்டியது என்றால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. முதலில் பழைய துணி அல்லது செய்தித்தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு அதன் மேல் மரத்தூளை வாரிப் போட்டு, செருப்புக் காலால் நன்றாக மிதித்துத் திரிக்க வேண்டும். ஒரு இரவு அப்படியே விட்டுக் காலையில் பெருக்கி எடுத்தால் முக்கால் வேலை முடிந்தது. மரத்தூள் கிடைக்காவிட்டால் காய்ந்த சிமெண்ட் தூள் போதும். எடுத்த பிறகுதான் சோப்பும் தண்ணீரும்.

மணல் போடுவோரும் உண்டு. வழுக்காமல் இருக்க மணல் நல்லது. ரயில் எஞ்சின்கூடச் சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணலைத்தான் தூவிக்கொள்கிறது. ஆனால் உறிஞ்சுவதில் மணல் மரத்தூளுக்கு ஈடாகாது.

பழைய கறைக்குப் பற்று

கொத்தனார் சொல்லிக் கொடுத்த முறை இது:

முதலில் கறை மேல் ஒட்டியிருக்கும் கெட்டி அழுக்கைக் கரணையால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு ஒரு லிட்டர் கொதிநீரில் நூறு கிராம் சலவைச் சோடாவும், இரண்டு கரண்டி துணி துவைக்கும் தூளும் கரைத்துக்கொள்ள வேண்டும். அதில் சாக்குத் தூளைக் கொட்டிக் கிளற வேண்டும். தோசை மாவு போல ஓடக் கூடாது. திருநீற்றைக் குழைத்தது போல நிற்க வேண்டும்.

இந்தப் பற்றைக் கறை மேல் அரை அங்குல கனத்துக்கு அப்பி, கறையைத் தாண்டி இரண்டு அங்குலம் வரை பூச வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓரத்தில் கல் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் முழுதும் மூடியிருந்தால் சோடாத் தண்ணீர் துளைகளுக்குள் இறங்கி ஆயிலை இளக்கும். மறுநாள் தாளை எடுத்துவிட்டால் பற்று காயத் தொடங்கும். காயக் காய ஈரத்தோடு ஆயிலும் மேலே ஏறித் தூளில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளையாகப் போட்ட பற்று பழுப்பேறியிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சுரண்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் கொண்டு தேய்க்க வேண்டும். வருஷக் கறை ஒரே பற்றில் போகாது. இரண்டு, மூன்று தடவை போட வேண்டும்.

சலவைச் சோடா மட்டும் போதாதா என்று சிலர் கேட்கலாம். தேங்காயெண்ணெய், நெய் போன்றவற்றைக் காரம் சோப்பாகவே மாற்றிவிடும். எஞ்சின் ஆயிலோ பூமிக்கடியிலிருந்து எடுத்த பெட்ரோலிய எண்ணெய். அது சோப்பாக மாறாது. அதைத் துகள் துகளாகப் பிரித்துத் தண்ணீரோடு சேர்ப்பது சோப்புத் தூளின் வேலை. அதனால்தான் இரண்டும் வேண்டும்.

செய்யக் கூடாதவை

பெட்ரோல் ஊற்றித் துடைப்பது உயிரோடு விளையாடுவது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து, வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் போய்த் தங்கும். ஒரு பீடி, ஒரு சுவிட்ச் பொறி போதும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் பாழாக்கும். மூடிய ஷெட்டில் ஆளையே கொன்றுவிடும்.

இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்த கம்பித் துணுக்குகள் தரையில் தங்கித் துருப்பிடித்துப் புதுக் கறை வைக்கும். சலவைச் சோடா கையை அரிக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

விஹார், போவாய் ஏரிகளின் உபரி நீரோடு புறப்படும் மித்தி ஆறு, குர்லா, தாராவி ஓரமாக ஓடி மாஹிமில் கடலில் சேருகிறது. வழியில் உள்ள சாக்கடைகள் அதில்தான் கலக்கின்றன. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று மித்தி பொங்கிக் குர்லா, கலினா பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. சாக்கடையில் நாம் தள்ளியது நம் வீட்டு அடுப்படிக்கே திரும்பி வந்த நாள் அது.

ஒரு காருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் மூன்று, நான்கு லிட்டர் பழைய ஆயில் வரும். அந்த ஒரு தடவை ஆயிலே பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். நம் நாட்டில் 2016-ஆம் வருஷ விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளருக்குச் சேரும்படி கொடுக்க வேண்டும். ஆயில் ஊறிய மரத்தூளும் பற்றும் துணியும் எளிதில் தீப்பற்றும். அவற்றை மூடியுள்ள தகர டின்னில் தனியாக வைக்க வேண்டும்.

டெபாசிட் கிடைத்ததா?

திருநெல்வேலிக்காரர் மூன்று தடவை பற்றுப் போட்டார். ஒன்பதாம் நாள் தரையில் சிமெண்டின் சாம்பல் நிறம் தெரிந்தது. கறை அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. நடுவில் மேக நிழல் போல லேசாக ஒரு திட்டு நின்றது. ஆசிட் பட்ட இடம் சொரசொரப்பாகவே இருந்தது. அந்த இடத்துப் பூச்சுக்கு என்று நாலாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார் சொந்தக்காரர். அவசரப்பட்டு ஊற்றிய ஆசிட்டுக்கு அதுதான் விலை!

புது ஷெட்டில் அவர் முதலில் வாங்கி வைத்தது ஸ்பானரும் இல்லை, ஜாக்கியும் இல்லை. வண்டிக்கு அடியில் வைக்க இரண்டு தகர டிரே, ஒரு மூட்டை மரத்தூள். அன்றைக்கு ஆயில் கொட்டியதும், ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் பழக்க தோஷத்தில் வாளியைத் தூக்கினான்.

"ஏலே, தண்ணிய ஊத்தாத! மொதல்ல மரத்தூள அள்ளிப் போடு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சரி அண்ணாச்சி" என்று வாளியைக் கீழே வைத்தான் பையன்.